இடது கைக்கு என்ன வேலை?

சென்ற ஞாயிற்றுக்கிழமை மூலக்குளத்தில் இருக்கும் என் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் கால் வைத்தபோதே வீட்டில் ஏதோ நடந்திருக்கிறது என்று தெரிந்துவிட்டது. அண்ணன் பத்திரிகைக்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டிருந்தார். ஆனால் ஒரு வரி கூடப் படிக்கவில்லை என்பது நிச்சயம். அவர் மகள் முழங்காலில் கட்டுடன் கூடத்து மூலையில் உட்கார்ந்திருந்தாள். தாழ்வாரத்தில் ஒரு மோட்டார் சைக்கிள், ஒரு பக்கத்துக் கண்ணாடியை இழந்து, கையும் களவுமாகப் பிடிபட்ட திருடனைப் போல நின்றுகொண்டிருந்தது.

"வாங்க, வாங்க! உங்க மருமக செஞ்சிருக்கிற காரியத்தைப் பாருங்க!" என்று அண்ணி ஆரம்பித்தார்.

விஷயம் இதுதான். அண்ணன் பையன் வேலை கிடைத்துப் பிரான்சுக்குப் போய் நான்கு மாதமாகிறது. அவனுடைய வண்டி தாழ்வாரத்தில் சும்மா நிற்கிறது. பெண்ணுக்கு வில்லியனூரில் வேலை. ஐந்து வருஷமாக அவள் ஓட்டிவந்த ஸ்கூட்டர் பழசாகிவிட்டதால் போன மாதம் அதை விற்றுவிட்டார்கள். காலையும் மாலையும் விழுப்புரம் சாலையில் பஸ்ஸுக்குக் காத்து நின்று அலுத்துப்போன பெண், "வீட்டிலேயே ஒரு வண்டி நிற்க, புது ஸ்கூட்டருக்கு எதற்குப் பணம்?" என்று யோசித்திருக்கிறாள். யோசனையில் தவறில்லை. சனிக்கிழமை மத்தியானம் அப்பா கண்ணயர்ந்த நேரத்தில், பக்கத்து வீட்டுப் பையனிடம் ஐந்து நிமிஷம் கியர் போடக் கற்றுக்கொண்டு, வண்டியைத் தெருவில் இறக்கிவிட்டாள். அதுதான் தவறு. தெருக்கோடியில் ஓர் ஆட்டுக்குட்டி குறுக்கே வந்தது. ஆட்டுக்குட்டி தப்பிவிட்டது. மூலை வீட்டு மதில் சுவர் தப்பவில்லை.

"பிரேக் பிடிக்கவே இல்லை, அத்தை! எவ்வளவு அழுத்திப் பிடிச்சும் வண்டி போய்க்கிட்டே இருந்தது" என்றாள், கண்ணில் நீர் ததும்ப.

"எந்தக் கையால் பிடிச்சே?"

இடது கையைக் காட்டினாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முழங்கால் கட்டைப் பார்த்ததும் சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

"கண்ணு, நீ பிடிச்சது பிரேக் இல்லை, கிளட்ச்!"

அண்ணன் பத்திரிகையை மடித்து வைத்தார். "இந்த வாரத்துக்குள் வண்டியை விற்றாகணும். பெண்பிள்ளைக்கு ஸ்கூட்டர் போதும்" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார். பெண் என்னைப் பார்த்தாள். புது ஸ்கூட்டர் வாங்கும் நிலையில் வீடு இப்போது இல்லை என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வண்டி போனால் பஸ்தான்.

சாப்பாடு ஆனதும் அவளை வண்டிப் பக்கம் அழைத்துக்கொண்டு போனேன். நானும் ஒரு காலத்தில் கணவருடைய கியர் ஸ்கூட்டரில் சந்தைக்குப் போய்வந்தவள்தான். அன்று அவளுக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன். வண்டி ஓட்டும் சகோதரிகளுக்கும், பின்னால் உட்கார்ந்து போகிறவர்களுக்கும், ஓட்டும் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கும் பயன்படும்.

முதலில் இந்த இடது கையின் கதையைக் கேளுங்கள். 1972-இல் வந்த பஜாஜ் சேத்தக் போன்ற பழைய கியர் ஸ்கூட்டர்களில் இடது கைக்குத்தான் வேலை அதிகம். கிளட்சைப் பிடிப்பதும் அதுவே, கைப்பிடியை முறுக்கிக் கியர் மாற்றுவதும் அதுவே. பின் பிரேக் வலது காலில் இருந்தது. 1984-இல் கைனடிக் ஹோண்டா கியர் இல்லாத ஸ்கூட்டராக வந்தது. கியர் போயிற்று, அதோடு கிளட்சும் போயிற்று. சும்மா இருந்த இடது கையிடம் பின் பிரேக்கைக் கொடுத்துவிட்டார்கள். இன்று பெண்கள் ஓட்டும் ஸ்கூட்டர்கள் அநேகமாக எல்லாம் இப்படித்தான். மோட்டார் சைக்கிளில் மட்டும் இடது கை பழையபடி கிளட்சுக்கே சொந்தம்.

ஆகவே ஒரே இடம், ஒரே மாதிரி நெம்புகோல், வேலை மட்டும் வேறு. ஸ்கூட்டரில் இழுத்தால் வண்டி நிற்கும். மோட்டார் சைக்கிளில் இழுத்தால் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் உள்ள தொடர்பு அறுந்து, வண்டி தடையில்லாமல் உருண்டு ஓடும். எங்கள் பெண் செய்தது இதுதான். மூளைக்கு ஐந்து நிமிஷத்தில் பாடம் ஏறிவிடும். ஐந்து வருஷம் பழகிய கைக்கு ஏறாது. ஆபத்து வரும்போது மூளையைக் கேட்டுக்கொண்டு கை வேலை செய்வதில்லை.

கால்களிலும் இந்தச் சங்கடம் உண்டு. சென்னையில் திருவொற்றியூரில் புல்லட் மோட்டார் சைக்கிள் தயாரிக்க என்ஃபீல்டு இந்தியா கம்பெனி ஏற்பட்டது 1955-இல். அந்தக் காலத்துப் புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். இன்றைய வண்டிகளில் கியர் இடது காலில், பின் பிரேக் வலது காலில். தாத்தாவின் பழைய புல்லட்டைத் துடைத்து ஆசையோடு ஏறும் பேரன், பிரேக் என்று நினைத்துக் கியரை மிதிப்பான். ஆண்பிள்ளை என்பதற்காகக் கால் அவனுக்குச் சலுகை காட்டாது.

"கிளட்ச் என்றால் உள்ளே என்னதான் இருக்கு, அத்தை?" என்று கேட்டாள்.

இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து அழுத்திக் காட்டினேன். ஒரு கையைத் திருப்பினால் மற்றதும் கூடத் திரும்புகிறது. அழுத்தத்தைத் தளர்த்தினால் ஒன்று திரும்பினாலும் மற்றது பேசாமல் இருக்கிறது. கிளட்சும் அப்படித்தான். எஞ்சினோடு சுற்றும் தட்டுகளும் சக்கரத்தை ஓட்டும் தட்டுகளும் ஸ்பிரிங்கின் பலத்தால் ஒன்றோடொன்று அழுந்தி நிற்கின்றன. இடது கை இழுத்தால் அவை விலகுகின்றன. மெதுவாக விட்டால் முதலில் உராய்ந்து, பிறகு ஒட்டிக்கொள்கின்றன. படக்கென்று விட்டால் வண்டி துள்ளும், அல்லது எஞ்சின் அணைந்துவிடும். வில்லியனூர் போகிற வழியில் அரும்பார்த்தபுரம் மேம்பாலத்து ஏற்றத்தில் நின்று கிளம்புவதுதான் இதற்குப் பரீட்சை. வலது காலால் பிரேக்கை மிதித்தபடி கிளட்சை மெல்ல விட வேண்டும். எஞ்சின் சத்தம் சற்று அமுங்குவது காதுக்குத் தெரியும். அப்போது பிரேக்கை விட்டு ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் கூட்டினால் வண்டி பின்னால் நழுவாமல் ஏறும்.

இனி வலது கை. இதற்கு இரண்டு வேலை: கைப்பிடியைத் தன் பக்கமாகத் திருப்பினால் ஆக்ஸிலேட்டர், விரல்களால் நெம்புகோலை இழுத்தால் முன் பிரேக். ஓட வைப்பதும் நிறுத்துவதும் ஒரே கையில் இருப்பதால் ஓர் ஆபத்து உண்டு. பயம் வந்தால் மனிதக் கை எதையாவது இறுகப் பற்றிக்கொள்ளும். பற்றும்போது மணிக்கட்டு கீழே தாழ்ந்தால் கைப்பிடி திரும்பி ஆக்ஸிலேட்டர் கூடிவிடும். வண்டி பாயும். பயம் கூடும். கை இன்னும் இறுகும். புதிதாகக் கற்பவர்கள் "வண்டி தானாக ஓடியது" என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். மோட்டார் சைக்கிளில் உடனே கிளட்சை இழுத்தால் எஞ்சின் எவ்வளவு கத்தினாலும் சக்கரத்துக்குப் பலம் போகாது. ஸ்கூட்டரில் அந்தக் காவல் இல்லை. ஆகையால் முதல் நாளிலிருந்தே மணிக்கட்டைத் தாழ்த்தாமல் நேராக வைத்துப் பழக வேண்டும்.

இங்கே தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. குழந்தையை ஸ்கூட்டரின் முன்பக்கம் நிற்க வைத்து, எஞ்சினை அணைக்காமல், ஒரு காலை ஊன்றிக்கொண்டு காய்கறிக்காரரிடம் பேரம் பேசுகிறோம். குழந்தையின் கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பது அந்த வலது கைப்பிடி! அது ஒரு முறை திரும்பினால் போதும். வண்டி நின்றால் எஞ்சினையும் அணையுங்கள். இறங்கினால் சாவி உங்கள் கையில் இருக்கட்டும்.

முன் பிரேக்கைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பலருக்கும் இருக்கிறது. "முன் பிரேக்கைத் தொட்டால் வண்டி குப்புறக் கவிழும்" என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். அதனால் பல பெண்கள் ஸ்கூட்டரில் இடது கை பிரேக்கை மட்டுமே பிடிக்கிறார்கள். எங்கள் பெண்ணும் அப்படிப் பழகியவள்தான். பஸ் திடீரென்று நிற்கும்போது நாம் எல்லோரும் முன்னால் சாய்கிறோம் அல்லவா? அதுபோலவே பிரேக் போடும்போது வண்டியின் பாரமும் முன் சக்கரத்தின் மேல் சாய்கிறது. பாரம் கூடிய சக்கரம் தரையை நன்றாகப் பற்றும். அதனால் நிறுத்தும் பலம் முன் பிரேக்குக்கே அதிகம். பின் பிரேக்கை மட்டும் நம்பினால், பாரம் குறைந்த பின் சக்கரம் வழுக்கிக்கொண்டு நெடுந்தூரம் போய்த்தான் நிற்கும். இரண்டையும் சேர்த்தே பிடிக்க வேண்டும். முன் பிரேக்கை எலுமிச்சம்பழம் பிழிவது போல முதலில் மெதுவாக, பிறகு அழுத்தமாக. வண்டி திருப்பத்தில் சாய்ந்திருக்கும்போதும், மணல் படிந்த இடத்திலும், மழை ஈரத்திலும் வெடுக்கென்று பிடிக்கக் கூடாது. 2019 ஏப்ரலில் முழுதாக நடைமுறைக்கு வந்த விதியின்படி, 125 சிசி வரையுள்ள புது வண்டிகளில் ஒரு பிரேக்கைப் பிடித்தால் மற்றதும் ஓரளவு சேர்ந்து பிடிக்கும் ஏற்பாடாவது இருக்க வேண்டும். அதற்கு மேற்பட்டவற்றில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். இருக்க வேண்டும். வண்டி அதற்கு முந்தியதா பிந்தியதா என்று தெரிந்துகொள்ளுங்கள்.

மற்றவையெல்லாம் கட்டை விரலின் வேலை. இடது பக்கம் ஹாரன், வலம் இடம் காட்டும் இண்டிகேட்டர், விளக்கின் டிம், பிரைட். வலது பக்கம் செல்ஃப் ஸ்டார்ட். சில வண்டிகளில் அதன் அருகே எஞ்சினை உடனே அணைக்கும் ஸ்விட்சும் உண்டு. அது தெரியாமல் அமுங்கிவிட்டால், ஸ்டார்ட் ஆகாத வண்டியை மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போகிறவர்கள் உண்டு! "முன் விளக்கை அணைக்கும் ஸ்விட்ச் எங்கே?" என்று பெண் தேடினாள். 2017 ஏப்ரல் முதல் தயாராகும் வண்டிகளில் எஞ்சின் ஓடும்போதெல்லாம் முன் விளக்கும் எரிய வேண்டும் என்பது விதி. ஆகவே அந்த ஸ்விட்சே கிடையாது. பகலில் எதிரே வருகிறவர் "லைட் எரியுது" என்று கை காட்டினால் புன்னகை செய்துவிட்டுப் போகலாம்.

இதற்குள் பெண் உள்ளே போய் வண்டியோடு வந்த விளம்பரத் தாளை எடுத்து வந்தாள். "இதில் இருக்கிற எண்ணெல்லாம் எதுக்கு, அத்தை? அண்ணன் எப்பவும் சிசி, மைலேஜ் ரெண்டையும்தான் சொல்வான்."

ஆண்கள் சிசியில் ஆரம்பித்து மைலேஜில் முடிப்பார்கள். நமக்கு வேண்டியது நடுவில் இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம். உதாரணத்துக்கு, எல்லோருக்கும் தெரிந்த ஹீரோ ஸ்பிளெண்டர் பிளஸ் வண்டியை எடுத்துக்கொள்வோம். அதன் எஞ்சின் 97.2 சிசி. சிசி என்பது கன சென்டிமீட்டர். மருந்து ஊற்றும் மில்லி லிட்டரும் அதுவும் ஒன்றே. சிலிண்டரின் விட்டம் 50 மில்லிமீட்டர், உள்ளே பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம் 49.5 மில்லிமீட்டர். அந்த இடத்தின் கொள்ளளவுதான் 97.2 சிசி, அதாவது அரை டம்ளர் காப்பி! பழைய புல்லட்டில் விட்டம் 70, தூரம் 90, கொள்ளளவு 346 சிசி. பெரிய பாத்திரத்தில் ஒரு தடவைக்கு அதிகம் வேகும், விறகும் அதிகம் வேண்டும். சிசி சொல்வது அவ்வளவே.

அடுத்தது சக்தி. ஸ்பிளெண்டர் பிளஸ்ஸுக்கு 5.9 கிலோவாட், சுமார் 8 குதிரைச் சக்தி. நம் வீட்டு மிக்ஸி 750 வாட் என்றால், ஏறக்குறைய எட்டு மிக்ஸிகள் சேர்ந்து சுற்றும் பலம். அதற்கடுத்து டார்க் என்று ஒன்று போட்டிருப்பார்கள். அது முறுக்கும் பலம். ஒரு மீட்டர் நீளக் கம்பின் நுனியில் ஒரு கிலோ எடையைத் தொங்கவிட்டால் சுமார் 10 நியூட்டன் மீட்டர். ஸ்பிளெண்டர் பிளஸ்ஸுக்கு 8.05. ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 வண்டிக்கு 27. இருவர் உட்கார்ந்து, நடுவே ஒரு பையும் வைத்துக்கொண்டு மேம்பாலம் ஏறும்போது இந்த எண்ணின் அருமை தெரியும். சம தரையில் தனியாகப் போகிறவருக்கு எட்டே போதும்.

இப்போது நமக்கு வேண்டிய இரண்டு எண்கள்: எடையும் இருக்கையின் உயரமும். ஸ்பிளெண்டர் பிளஸ் 112 கிலோ, கிளாசிக் 350 வண்டி 195 கிலோ. 25 கிலோ அரிசி மூட்டைக் கணக்கில் ஒன்று நாலரை மூட்டை, மற்றது ஏறக்குறைய எட்டு மூட்டை. ஓடும்போது எடை தெரியாது. நிற்கும்போதும், வண்டியைப் பின்னால் தள்ளும்போதும், வீட்டு வாசற்படி ஏற்றும்போதும்தான் தெரியும். இருக்கையின் உயரம் முதலாவதற்கு 785 மில்லிமீட்டர், இரண்டாவதற்கு 805. வித்தியாசம் ஒரு விரல் அகலம்தானே என்று தோன்றும். ஆனால் குள்ளமானவர்களுக்கு அந்த ஒரு விரல்தான் பாதம் தரையில் ஊன்றுவதா, நுனிவிரல் தொங்குவதா என்பதைத் தீர்மானிக்கிறது. சிக்னலில் நிற்கும்போது விழுகிறவர்கள் பலர் ஓட்டத் தெரியாமல் விழுவதில்லை, கால் எட்டாமல்தான் விழுகிறார்கள். கடையில் வண்டி பார்க்கும்போது முதலில் உட்கார்ந்து இரண்டு பாதங்களையும் ஊன்றிப் பாருங்கள். இறங்கி, பத்து அடி பின்னால் தள்ளிப் பாருங்கள். சென்டர் ஸ்டாண்டு போட்டுப் பாருங்கள். இந்த மூன்றும் முடியுமானால் பிறகு நிறத்தைப் பற்றிப் பேசலாம்.

மைலேஜை விளம்பரத் தாளில் தேட வேண்டாம். டாங்கை நிரப்பி, கிலோமீட்டர் எண்ணைக் குறித்துக்கொண்டு, வழக்கம்போல் ஓடிவிட்டு மறுபடி நிரப்புங்கள். 212 கிலோமீட்டர் ஓடி 4 லிட்டர் பிடித்தால், லிட்டருக்கு 53. பால் கணக்கு எழுதும் நோட்டிலேயே இதையும் எழுதிவிடலாம்.

பின்னால் உட்காருகிறவர்களுக்கும் சட்டம் ஓர் உரிமை கொடுத்திருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதி 123-இன்படி, மோட்டார் சைக்கிளில் பின்னால் இருப்பவர் பிடித்துக்கொள்ளக் கைப்பிடியும், கால் வைக்க மிதியும், உடை சிக்காதபடி பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் காப்பும் இருக்க வேண்டும். இந்தக் காப்பைத்தான் சாரி கார்டு என்கிறோம். அழகுக்குக் குறைவு என்று பிள்ளைகள் அதைக் கழற்றிப் பரண்மேல் போட்டுவிடுகிறார்கள். அண்ணன் பையனும் அப்படியே செய்திருந்தான். சேலைத் தலைப்போ துப்பட்டாவோ சக்கரத்தில் சுற்றினால் என்ன ஆகும் என்று நான் எழுதத் தேவையில்லை. அன்றே பரண்மேலிருந்து அதை இறக்கச் சொன்னேன்.

கடைசியாக ஒரு கேள்வி கேட்டேன். "உன் லைசென்ஸில் என்ன எழுதியிருக்கு?" எடுத்துப் பார்த்தாள். கியர் இல்லாத வண்டிக்கு மட்டும்! கியர் வண்டிக்குத் தனியாக அனுமதி வேண்டும். அது இல்லாமல் ஓட்டி யார்மேலாவது மோதியிருந்தால் அபராதத்தோடு போகாது, இன்ஷூரன்ஸிலும் வம்பு வரும். எல்.எல்.ஆர். எடுத்து முப்பது நாள் கழித்துத்தான் பரீட்சைக்குப் போக முடியும். அந்த எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும். "மதில் சுவர் உனக்கு நல்லதே செய்திருக்கு" என்றேன்.

பிறகு ஒரு விளையாட்டு ஆடினோம். வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, சாவியை நான் இடுப்பில் செருகிக்கொண்டு, அவளை மேலே உட்காரச் சொன்னேன். நான் "ஆடு!" என்று கத்தினால் வலது கை முன் பிரேக்கையும், வலது கால் பின் பிரேக்கையும், இடது கை கிளட்சையும் ஒரே சமயத்தில் பிடிக்க வேண்டும். முதல் பத்துத் தடவை இடது கை மட்டும் முந்திக்கொண்டு வந்தது. இருபதாவது தடவை கால் கூடச் சேர்ந்தது. நாற்பதாவது தடவை, அண்ணி கொடுத்த காப்பியை ஒரு கையில் வைத்துக்கொண்டு, அவள் எதிர்பாராத நேரத்தில் கத்தினேன். மூன்றும் ஒன்றாக வந்தன.

"எல்.எல்.ஆர். வருகிற வரைக்கும் தினமும் நாற்பது தடவை" என்றேன். "வண்டி இருந்தால்தானே, அத்தை?" என்று மெல்லிய குரலில் சொன்னாள்.

கூடத்திலிருந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் எழுந்து வந்தார். வண்டியைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். உடைந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"இந்தக் கண்ணாடி மாற்ற எவ்வளவு கேட்பான்?" என்றார்.

உங்கள் வீட்டு வாசலிலும் ஒரு வண்டி நிற்கும். சாவியைக் கையில் எடுக்குமுன், இந்த வண்டியில் இடது கைக்கு என்ன வேலை என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்.